மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கடல் கடக்க நாலு வழி: எது யாருக்கு?

“வீட்டிலை தூள் திரிச்சு விக்கிறன். லண்டனிலை இருக்கிற ஆக்கள் கேக்கினம். போறாக்களிட்டைக் குடுத்துவிடுறதோ, கூரியரிலை போடுறதோ, கொழும்பிலை ஒரு எக்ஸ்போட்டரிட்டைக் குடுக்கிறதோ, இல்லாட்டி நானே லைசென்ஸ் எடுக்கிறதோ?”

சுன்னாகத்திலிருந்து வந்தாலும் பருத்தித்துறையிலிருந்து வந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட இதுதான். தூளுக்குப் பதில் ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா), பனங்கட்டி, மோர்மிளகாய், கருவாடு என்று பொருள் மாறும். லண்டனுக்குப் பதில் ஸ்காபரோ, பாரிஸ், சூரிச் என்று ஊர் மாறும்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். எல்லாப் பொருளுக்கும் பொதுவான ‘ஏற்றுமதி லைசென்ஸ்’ என்று இலங்கையில் ஒன்று கிடையாது. பதிவு வேறு, அனுமதிப்பத்திரம் வேறு. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கேட்கும் ஏற்றுமதிப் பொருட்கள் கொஞ்சம்தான்: பவளப்பாறைத் துண்டு, யானைத்தந்தம், 1945க்கு முன் பதிந்த கார் போன்றவை. (பழைய காரைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஆக்கள் கவனிக்க.) மிளகாய்த்தூள் அதில் இல்லை. ஆகவே ‘லைசென்ஸ் எடுத்துத் தாறம்’ என்று காசு கேட்பவரிடம், எந்தச் சட்டத்தின் கீழ் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதிப்பேர் அதோடு போய்விடுவார்கள்.

## எதை வைத்து அளப்பது

அனேகமானோர் அளவைப் பார்த்துத்தான் வழியைத் தெரிவு செய்கிறார்கள்: அஞ்சு கிலோ என்றால் ஆளிடம், ஐம்பது கிலோ என்றால் கூரியர், ஐந்நூறு என்றால் கப்பல். என் கணக்கில் அளவு மூன்றாவதாகத்தான் வரும்.

முதலாவது, பொருள் எந்த வகை என்பது. காய்ந்து, இடிபட்டு, அடைபட்ட தாவரப் பொருள்தான் இருப்பதற்குள் லேசானது. பச்சைக் காய்கறி, பழம், இலை என்றால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுநாயக்கவில் இருக்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையமும் வரும். மீன் என்றால் கடற்றொழில் திணைக்களம். பால், நெய், இறைச்சி கலந்தது என்றால் இங்கே விட்டாலும் அங்கே விடமாட்டார்கள். கடலட்டை, சங்கு போன்றவை தனி உலகம். அவற்றுக்கு இந்தக் கட்டுரை போதாது. கடலட்டையில் மூன்று இனங்கள் 2020 ஆகஸ்டு 28 முதல், ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, இறங்குகிற நாட்டில் காகிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது. சாமான் பிடிபட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். இங்கே பலர் அனுப்புவதைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். அங்கே இருக்கிற தம்பியோ மச்சாளோ இறக்குமதியாளர் ஆகிறார் என்பது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது.

அடுத்துத்தான் அளவு, அதாவது காகிதச் செலவை எத்தனை கிலோவில் பிரிக்கலாம் என்பது. ஒரு ஆய்வுகூடச் சோதனைக்கு 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ தூளுக்கு அது கிலோவுக்கு 500 ரூபா. 1,000 கிலோவுக்கு 25 ரூபா. கடைசியாக, காசு எந்த வழியாக வருகிறது என்பது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறி, வருகிற காசைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது.

## வழி 1: போகிறவரிடம் கொடுத்துவிடுவது

யாழ்ப்பாணத்தின் மிகப் பழைய கூரியர் இது. செலவு இல்லை, காகிதம் இல்லை, மூன்றாம் நாள் சாமான் அங்கே கறிச்சட்டியில். ஊருக்கு வந்து திரும்புகிறவருடைய பெட்டியில் எப்போதும் ஒரு மூலை யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும்.

இது சட்டவிரோதமும் அல்ல, சொந்தப் பாவனைக்கு என்ற எல்லைக்குள் நிற்கும்வரை. அந்த எல்லை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சொந்தப் பாவனைக்கான மீன் 20 கிலோ வரை போகலாம். கருவாடும் அதற்குள் அடக்கம். ஆனால் இறைச்சியும் பாற்பொருளும் ஒரு கிராம்கூட ஆகாது. பழம், காய், இலை என்றால் அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 2019 டிசம்பர் 14 முதல் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். எனவே பாரிசுக்குப் போகிற அக்காவின் பெட்டியில் இருக்கும் கறுத்தக்கொழும்பானும் முருங்கைக்காயும் அவரைச் சிக்கலில் மாட்டும். அதே பெட்டியில் இருக்கும் சூடைக் கருவாடு மாட்டாது. நம் ஆக்கள் பயப்படுவது நேர் எதிர்: மீனை ஒளித்து வைத்துவிட்டு மாம்பழத்தை மேலே வைப்பார்கள்.

மோர்மிளகாயைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். தயிரில் ஊறிக் காய்ந்தது அது. பார்க்க வெறும் மிளகாய். உத்தியோகத்தர் ‘என்ன போட்டது?’ என்று கேட்டால் உண்மையான பதிலில் பால் வரும். நெய்யில் செய்த பலகாரத்துக்கும் இதே கதை. ‘ஒண்டும் செய்யமாட்டினம்’ என்று சொல்பவர்களுக்கு இதுவரை அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகவே வேண்டாம். எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதனால்தான் அந்தத் தடை. கனடாவில் உணவு கொண்டுவந்ததைச் சொல்லாமல் விட்டால் 1,300 டொலர் வரை தண்டம். அவுஸ்திரேலியாவில் பயணியின் விசாவையே ரத்துச் செய்யலாம். விசிட் விசாவில் பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மாவின் பெட்டியில் உங்கள் தூள் பைகளைத் திணிக்கும்போது இதை நினையுங்கள். செக்-இன் மேசையில் ‘இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?’ என்று கேட்பார்கள். அவர் ‘ஓம்’ என்று சொன்ன நிமிடத்திலிருந்து பொட்டலத்துக்குள் இருப்பதெல்லாம் அவருடையது.

பலாலியிலிருந்து 2019இல் விமானப் போக்குவரத்தும், காங்கேசன்துறையிலிருந்து 2023இல் கப்பல் போக்குவரத்தும் தமிழ்நாட்டுப் பக்கம் தொடங்கியது உண்மைதான். இடையில் நின்று நின்று ஓடினாலும் பயணிகளுக்கு அது பெரிய வசதி. தூள் வியாபாரத்துக்கு அது பயணிப் பைதான். சரக்குப் பாதை என்று கணக்குப் போட வேண்டாம்.

இது யாருக்குச் சரி? மாதிரி அனுப்புகிறவருக்கு. அங்கே ஒரு கடைக்காரர் ருசி பார்க்க வேண்டும், பொதி எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று கிலோவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விற்பதற்குச் சரிவராது. பெட்டிக்குள் ஒரே லேபல் போட்ட நாற்பது பொட்டலம் இருந்தால் அது சொந்தப் பாவனை என்று எந்த உத்தியோகத்தரும் நம்பமாட்டார்.

## வழி 2: தபால், கூரியர்

இங்கே ஏமாற்றுவது விலைப்பட்டியல். கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்துவிட்டு ‘பரவாயில்லை’ என்போம். உண்மையான செலவு மறுமுனையில் காத்திருக்கும், அதைக் கட்டுகிறவர் உங்கள் வாடிக்கையாளர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குக் குறைந்த பொருட்களுக்கு இருந்த வற் (பெறுமதி சேர் வரி) விலக்கு 2021 ஜூலை 1உடன் போய்விட்டது. ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு மட்டும் 45 யூரோ வரை சலுகை உண்டு. பிரித்தானியாவில் அன்பளிப்பு எல்லை 39 பவுண், கனடாவில் 60 கனடா டொலர். அமெரிக்கா 800 டொலர் வரை கொடுத்துவந்த விலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. அன்பளிப்புக்கு 100 டொலர் எல்லை மட்டும் மிச்சம்.

காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் பொதியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதுவது பொய்யான சுங்கப் பிரகடனம். எல்லாரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே முகவரியிலிருந்து கிழமைக்குக் கிழமை அன்பளிப்புப் போனால், பொதி கப்பலேற முன்பே மின்னணுத் தரவாக அங்கே போய்ச் சேர்கிற இந்தக் காலத்தில், அந்த முகவரி தானாகவே கண்ணில் படும்.

சிறு குறிப்பு ஒன்று: பிரகடனத்தில் ‘உணவுப் பொருள்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘வறுத்து அரைத்த கறித்தூள், மிளகாய், மல்லி, மிளகு, சீரகம்; 500 கிராம், 4 பொதி’ என்று எழுதுங்கள். மொட்டையாக எழுதிய பொதியைத்தான் முதலில் வெட்டிப் பார்ப்பார்கள். பால், இறைச்சித் தடையும் தாவரச் சான்றிதழும் பயணப் பெட்டிக்குப் போலவே தபால் பொதிக்கும் பொருந்தும். தபாலில் போனால் கேட்கமாட்டார்கள் என்பது கட்டுக்கதை.

நேரடியாக வாடிக்கையாளர் வீட்டுக்கு, காய்ந்த தாவரப் பொருள், கிலோவுக்கு நல்ல விலை போகிறது என்றால் இது ஓடும். மலிவான, பாரமான பொருளுக்கு ஓடாது. ஒடியல் மாவைக் கூரியரில் அனுப்பினால் மாவை விடக் கூலி கூட.

## வழி 3: இன்னொருவருடைய பெயரில் ஏற்றுமதி

கொழும்பில் ஏற்கெனவே வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்குக் கொள்கலன் அனுப்பும் ஏற்றுமதியாளர் ஒருவர் இருக்கிறார். உங்கள் சாமானை அவர் வாங்கி, தன்னுடைய மற்றச் சாமான்களோடு சேர்த்து அனுப்புகிறார். சுங்கப் பிரகடனமும் இன்வொய்ஸும் அவருடைய பெயரில் இருக்கும். வாப் கிளார்க் (சுங்கக் காகித வேலை பார்ப்பவர்), கப்பல், அங்கே இறக்குபவர், எல்லாம் அவர் பாடு. நீங்கள் யாழ்ப்பாணத்தில் லொறியில் ஏற்றிவிட்டால் போதும்.

என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதைத்தான் சொல்கிறேன். ‘எங்கடை பெயர் போய்விடுமே’ என்று முகம் சுருங்கும். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு மூன்று வருடத்தில் உங்களுக்குத் தேவை பெயர் அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே தரத்தில் சாமான் தர முடியுமா என்ற சோதனை. அந்தச் சோதனையில் தோற்றால், வேறொருவருடைய பெயரில் தோற்பது மலிவு.

எப்படித் தோற்போம் என்று மிளகாயை வைத்தே பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் காய்ந்த மிளகாயிலும் வேறு சில வாசனைத் திரவியங்களிலும் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சுக்கு எல்லை உண்டு: பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. மேலதிகக் கட்டுப்பாட்டுக்குரிய பொருட்களின் பட்டியல் 2019/1793ஆம் இலக்க ஒழுங்குவிதியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருதரமாவது அதைத் திருப்பிப் பார்த்து மாற்றுவார்கள். இலங்கை மிளகாய் அதில் அஃப்லாடொக்சினுக்காக இடம்பெற்றது. வல்லாரையும் பொன்னாங்காணியும் பூச்சிமருந்து எச்சத்துக்காக.

இப்போது உங்கள் முற்றத்துக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த செத்தல் மிளகாய் சலசலக்கும். காம்பு ஒடித்தால் டக்கென்று முறியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அதே செத்தல் மூன்று நாள் சாக்குக்குள் கிடந்து, காம்படியில் சாம்பல் படிந்து, பிய்த்தால் விதையோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை வெயில் வந்ததும் திருப்பிக் காயவிட்டு, வறுத்து, அரைத்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் ஒன்றும் தெரியாது. வறுக்கிற சூட்டில் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. நூறு கிலோவில் ஒரு சாக்கு அப்படி இருந்தால் போதும், மாதிரி எடுக்கும்போது அகப்படும். அந்தத் தொகுதி திரும்பி வரும் அல்லது அங்கேயே அழிபடும். இரண்டுக்கும் காசு யாருடையது என்பதைத்தான் ஏற்றுமதியாளரோடு நீங்கள் முதல் நாளே கதைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இதுதான் இந்த வழியின் மறைந்த செலவு. வாய்ப்பேச்சில் ‘பிரச்சினை வந்தால் பார்ப்பம்’ என்பார்கள். பிரச்சினை வரும்போது உங்கள் அடுத்த பில்லில் கழித்துவிட்டுத்தான் தகவலே சொல்வார்கள். ஆகவே எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தத் தொகுதியில் குறை என்று ஆய்வுகூட அறிக்கையின் பிரதி தர வேண்டும், காசு எத்தனை நாளில், லேபலில் ‘உற்பத்தி’ என்ற இடத்தில் உங்கள் பெயரும் ஊரும் வருமா, அவர் வேறு தூளோடு கலப்பாரா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் விலகிவிடுங்கள்.

பனம்பொருட்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் இந்தப் பொருட்களின் தரம், பொதி பற்றி அறிந்தவை. கைதடியில் ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. தனியாக ஓடி அலைவதற்கு முன் அங்கே ஒருதரம் போய்க் கதையுங்கள். ஐரோப்பாவுக்கு ஒடியல், பனாட்டு (காய்ந்த பனம்பழக் கூழ்) போன்றவற்றை அனுப்பும்போது, 1997 மே 15க்கு முன் அங்கே கணிசமாக உணவாகப் பாவிக்கப்படாத பொருளுக்குப் ‘புதிய உணவு’ என்ற தனி அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கிறது. நமக்குப் பாட்டன் பூட்டன் காலத்து உணவு, அவர்களுக்குப் புதியது! இதை அங்கே இறக்குபவர் எழுத்தில் உறுதிப்படுத்தட்டும்.

கருவாட்டை வியாபாரமாக ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைத்தால் இந்த மூன்றாம் வழி மட்டும்தான் வழி. ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த, இங்கே இருக்கும் பதனிடு நிலையத்திலிருந்துதான் போகலாம். மீன் சட்டப்படி பிடிபட்டது என்ற பிடி சான்றிதழும் வேண்டும். சட்டவிரோத மீன்பிடியைக் காரணம் காட்டி 2015 ஜனவரியில் இலங்கை மீனையே நிறுத்தி 2016இல்தான் திரும்பத் திறந்தார்கள். அதன் பிறகு இந்தக் காகிதத்தில் யாரும் விளையாடுவதில்லை. முற்றத்தில் காய்ந்த கருவாடு ஆளின் பெட்டியில் போகலாம், கடையின் அலமாரிக்குப் போகாது.

## வழி 4: சொந்தப் பெயரில்

படிகள் ஒன்றும் பூதம் அல்ல. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் (டின்), வங்கிக் கணக்கு, சுங்கத் திணைக்களத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு. தயாரிக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்திருக்க வேண்டும். இறக்கும் நாடு கேட்டால் சுகாதார அமைச்சின் உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சுகாதாரச் சான்றிதழ். தேங்காய்ப் பொருள் என்றால் தெங்கு அபிவிருத்தி அதிகாரசபையில் தனிப் பதிவு. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிந்தால் பயிற்சி, கண்காட்சி போன்ற உதவிகள் கிடைக்கும்.

கஷ்டம் பதிவில் இல்லை, ஒவ்வொரு சரக்கிலும் இருக்கிறது. கொள்கலன் கப்பல் கொழும்பில். தாவரச் சான்றிதழ் கட்டுநாயக்கவில். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடங்கள் பெரும்பாலும் கொழும்பில். கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் போய், பரிசோதனையில் ஒரு காகிதத்தில் எடை பிழைத்துவிட்டால் அன்றைக்குக் கப்பல் போய்விடும். சரக்கு கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. மரப் பலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டில்) அடுக்கினால் அந்த மரம் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, அதற்குரிய முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். தச்சுப்பட்டறையில் அடித்த பலட்டில் அது இராது. சாமான் சுத்தம், பலட் பிழை என்று சரக்கு நிற்பதும் உண்டு.

மறுமுனையிலும் இறக்குபவர் பதிந்திருக்க வேண்டும். கனடாவில் உணவு இறக்குமதிக்கு உரிமம் தேவை. லேபலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும். அமெரிக்கா என்றால் உங்கள் தயாரிப்பிடமே அங்கத்தைய உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யில் பதிந்து, அங்கே ஒரு முகவரைக் காட்டி, இரட்டை எண் வருடங்களில் புதுப்பிக்க வேண்டும். எள்ளு 2023 ஜனவரி 1 முதல் அங்கே ஒவ்வாமைப் பட்டியலில். எள்ளுருண்டைப் பொதியில் அது எழுதப்படாவிட்டால் சந்தையிலிருந்தே திருப்பி எடுக்க நேரிடும்.

இலாபப் பக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்து இலங்கைக்கு 2017இல் திரும்பக் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் இறக்குமதி வரிச் சலுகையை உங்கள் இறக்குமதியாளர் பயன்படுத்தலாம்; 6,000 யூரோவுக்கு உட்பட்ட சரக்குக்கு, இது இலங்கைப் பொருள் என்ற தோற்ற வாசகத்தை நீங்களே இன்வொய்ஸில் எழுதலாம், அதற்கு மேல் என்றால் அந்த வாசகம் எழுத ‘ரெக்ஸ்’ என்ற ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும். காசு டொலராகவோ யூரோவாகவோ உங்கள் கணக்குக்கு வரும். ஏற்றிய நாளிலிருந்து 180 நாளுக்குள் அது நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. சொந்தக்காரர் என்று கடனுக்கு அனுப்பி, ‘தைப்பொங்கலுக்குத் தாறன், வருசப்பிறப்புக்குத் தாறன்’ என்று இழுபட்டால் உங்களுக்கு நட்டம் மட்டுமல்ல, விளக்கமும் சொல்ல வேண்டும்.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | ஆள் கையில் | தபால், கூரியர் | பிறர் பெயரில் | சொந்தப் பெயரில் |
|---|---|---|---|---|
| அங்கே பொறுப்பு | பயணி | பொதி பெறுபவர் | ஏற்றுமதியாளரின் இறக்குமதியாளர் | உங்கள் இறக்குமதியாளர் |
| பிடிபட்டால் நட்டம் | சாமான் உங்களது, தண்டம் பயணியினது | உங்களது | ஒப்பந்தத்தில் எழுதியபடி | முழுதும் உங்களது |
| மறைந்த செலவு | உறவு முறிவு | வரி, கையாளும் கூலி | கழிவு, பெயர் மறைதல் | கொழும்புப் பயணம், சோதனை, தாமத வாடகை |
| பொருந்துவது | மாதிரி, வீட்டுப் பாவனை | விலை கூடிய, பாரம் குறைந்த உலர்பொருள் | தொடக்கநிலை உற்பத்தியாளர், கருவாடு | நிரந்தரமாக வாங்குபவர் உள்ளவர் |

## மூன்றிலிருந்து நாலுக்கு எப்போது தாவுவது

மாதம் இவ்வளவு கிலோ என்று ஒரு எண் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். எண்ணை விட மூன்று அறிகுறிகளை நம்புகிறேன். வெளிநாட்டில் ஒரு இறக்குமதியாளர், தன் உரிம இலக்கத்தோடு, எழுத்தில் ஓடர் தருகிறார். ‘ஆக்கள் கேக்கினம்’ என்பது ஓடர் ஆகாது. உங்கள் கடைசிச் சில தொகுதிகளும் ஆய்வுகூடச் சோதனையில் தேறியிருக்கின்றன, மழைக்காலத்துத் தொகுதியும் சேர்த்து. ஒரு சரக்கு முழுதாகத் தொலைந்தாலும் அடுத்த போகத்துக்குச் செத்தல் வாங்கக் கையில் காசு இருக்கும். இதில் இரண்டு இருந்து மூன்றாவது இல்லை என்றால், இன்னும் ஒரு வருடம் கொழும்பு ஆளோடேயே போங்கள்.

மூன்றும் இருந்தால் தொடங்க வேண்டிய இடம் பிரதேச செயலகம் அல்ல. உங்கள் பொருளின் எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் இலக்கத்தை, உறுதிப்படுத்துவதுதான் முதல் வேலை. தனி மிளகாய்த்தூளுக்கு ஒன்று, மல்லி, சீரகம் கலந்து வறுத்த கறித்தூளுக்கு வேறொன்று. அங்கே வரியும் சோதனையும் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் விழும். நல்ல வாப் கிளார்க் ஒருவர் பொதியைக் கையில் எடுத்து, சேர்மானத்தை வாசித்துவிட்டுத்தான் இலக்கம் சொல்வார். பார்க்காமலே சொல்கிறவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.